மறைந்த பாடகர்களும் மறையாத வதந்திகளும்

1974ஆம் ஆண்டு யூலை மாதம் 29ஆம் திகதி, லண்டன் மாநகரின் மேபெயர்ப் பகுதியிலுள்ள ஒரு வீட்டிலே, காஸ் எலியட் என்னும் அமெரிக்கப் பாடகி உறக்கத்தில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 32. 'மாமாஸ் அண்ட் த பாப்பாஸ்' என்னும் குழுவிற் பாடிப் பெரும் புகழீட்டியவர். பின்னர் தனித்துப் பாடத் தொடங்கி, லண்டன் பலேடியம் அரங்கில் இரண்டு வார காலம் பாடி முடித்துவிட்டு, அக்களைப்போடு படுத்தவர். ஆனால் அடுத்து உலகமெங்கும் பரவிய செய்தி அவருடைய பாட்டைப் பற்றியதன்று. பன்றியிறைச்சி வைத்த சாண்ட்விச் ஒன்று தொண்டையில் அடைத்து அம்மையார் மாண்டார் என்பதே அச்செய்தி. அவர் பருத்த உடலினர். ஆகவே கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே அடுத்தவருக்கும் சொன்னார்கள்.

பின்னர் நடந்த பிரேத பரிசோதனையில் மாரடைப்பினாலேயே மரணம் நேர்ந்ததென்று தெளிவாயிற்று. தொண்டையிலே உணவு எதுவும் அகப்படவில்லை. எனினும் உண்மை நடந்து செல்ல, கதை பறந்து சென்றது. அக்கதை எவ்வாறு பிறந்ததென்பது பல ஆண்டுகள் கழிந்த பின்னரே வெளியாயிற்று. காஸ் அம்மையாரின் சிநேகிதியான ஒரு பெண் பத்திரிகையாளர், செய்தியறிந்து அவ்வீட்டுக்குத் தொலைபேசியிற் பேசியிருக்கிறார். மறுமுனையில் இருந்தவர் பாடகியின் முகாமையாளர். சாண்ட்விச் அடைத்து இறந்ததாக எழுதிவிடும்படி அவரே கேட்டுக்கொண்டாராம். போதைப்பொருளைப் பற்றிய பேச்சு எழுந்துவிடுமோ என்ற அச்சத்தில், அதனிலும் இது மேலென்று அவர் எண்ணியதாகத் தெரிகிறது. சிநேகிதியும் எழுதிவிட்டார். கெடுக்க வேண்டுமென்று எழுதியதன்று. காக்க வேண்டுமென்று எழுதியது!

தாயார் இறந்தபோது மகள் ஓவன் ஏழு வயதுச் சிறுமி. வளர்ந்து பெரியவளான பின்னரும், தாயின் பெயரைச் சொன்ன இடமெல்லாம் அந்தச் சாண்ட்விச் அவரைத் தொடர்ந்தது. 2024ஆம் ஆண்டிலே தாயாரின் வரலாற்றை ஒரு நூலாக எழுதி வெளியிட்டபோது, இந்தப் பொய்யின் பிறப்பையும் அதிலே அவர் விரிவாக எழுதினார். ஐம்பது ஆண்டு வாழ்ந்த பொய்க்கு மறுப்பெழுத ஒரு மகளின் அரை ஆயுள் சென்றது.

நாமும் பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களே. ஆதலால் இச்சம்பவத்தை எழுதும்போது சிறிது கூச்சமாகவே இருக்கிறது.

றொக் என்று வழங்கும் சங்கீதம் பிறந்து எழுபது ஆண்டுகள் சென்றுவிட்டன. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பிலே எல்விஸ் பிறெஸ்லியின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று பாட்டன்மாராகிவிட்டனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ, அவ்விசையினும் அதிகமாக, இசைத்தவர்களின் சாவைப் பற்றியே அறிந்து வைத்திருக்கின்றனர். மேல்நாட்டுப் புத்தகசாலைகளிலே மாண்டுபோன றொக் பாடகர்களின் சரித்திரங்களுக்கென்று தனி அடுக்குகளே உண்டு. இளமையிற் புகழ், பெருஞ்செல்வம், போதை, திடீர் மரணம்: கதைக்கு வேண்டிய சரக்கெல்லாம் அங்கே ஒருசேரக் கிடைக்கிறது. எழுதுபவனுக்கு இன்னொரு வசதியும் உண்டு. உயிரோடிருப்பவர்மீது பொய் எழுதினால் மானநஷ்ட வழக்கு வரும். ஆங்கிலச் சட்டத்திலும் அமெரிக்கச் சட்டத்திலும் இறந்தவர் பெயரால் அவ்வழக்குத் தொடர முடியாது. மூச்சு நின்ற கணமே மானமும் சட்டத்தின் காவலை இழந்துவிடுகிறது.

எல்விஸ் பிறெஸ்லியின் விஷயமே இதற்குத் தக்க உதாரணம். அவர் 1977ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி, மெம்பிஸ் நகரில், 42 வயதிற் காலமானார். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே, அவரிடம் மெய்காவலராக இருந்து விலக்கப்பட்ட மூவர், ஒரு பத்திரிகையாளரின் துணைகொண்டு ஒரு நூலை வெளியிட்டிருந்தார்கள். எல்விஸ் அளவிறந்த மாத்திரைகளை உட்கொள்கிறார் என்று அதிலே எழுதியிருந்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்த துரோகிகள் என்று இரசிகர்கள் அவர்களைத் தூற்றினார்கள். மரணத்தின் பின்னர் நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். அந்நூலின் நடை மலினமானது. நோக்கமும் தூயதென்று சொல்வதற்கில்லை. ஆனால் மாத்திரைகளைப் பற்றி அது சொன்னது பொய்யன்று. எல்விஸின் சொந்த வைத்தியர் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டுக்கள் பின்னர் விசாரணைக்கு வந்தன. 1977ஆம் ஆண்டின் எட்டு மாதங்களுக்குள் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாத்திரைகளும் ஊசிமருந்துகளும் எல்விஸின் பெயரில் எழுதப்பட்டிருந்தன. 1980இல் வைத்திய சபை அவருடைய அனுமதிப் பத்திரத்தை மூன்று மாதங்களுக்கு இடைநிறுத்தியது. 1995இல் அடியோடு பறித்துவிட்டது. ஆகவே பரபரப்பாக எழுதப்பட்டதெல்லாம் பொய்யென்றோ, பக்தியோடு எழுதப்பட்டதெல்லாம் மெய்யென்றோ நாம் கொள்ளலாகாது. இரசிகர் சங்கங்கள் வெளியிடும் சரித்திரங்களிலே எல்விஸ் தேவாமிர்தம் உண்டு வாழ்ந்தவர் போலவே தோன்றுவார்.

1981இல் அல்பேர்ட் கோல்ட்மன் என்பவர் எழுதிய 'எல்விஸ்' என்னும் பெருநூல் வெளிவந்தது. இவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதித்தவர்; கல்விமான். ஆராய்ச்சிக்காகப் பலரைப் பேட்டி கண்டிருந்தார் என்பதும் மெய்யே. ஆயினும் பக்கத்துக்குப் பக்கம் எல்விஸின் உடலையும் உணவையும் உடையையும் பிறப்பையும் எள்ளி நகையாடுவதிலே அவருக்கு ஒரு தனி இன்பம் இருந்தது. கிறீல் மார்க்கஸ் என்னும் விமர்சகர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். தாக்கப்படுபவர் எல்விஸ் ஒருவர் மாத்திரமல்லர். அவரைப் பெற்றெடுத்த தென்னாட்டு ஏழை மக்களும், அவர்களுடைய வாழ்வும் இசையுமே தாழ்த்தப்படுகின்றன என்பது அவருடைய வாதத்தின் சாரம். நமக்கும் அதுவே சரியென்று படுகிறது. தகவல் சரியாயிருந்தும் வரலாறு பிழையாகிவிடக்கூடும். ஒரு மனிதன் எத்தனை வாழைப்பழங்களைத் தின்றானென்று எண்ணிச் சொன்னவர், அவன் பாடியபோது நாடு ஏன் எழுந்து நின்றதென்று சொல்லாமற் போனால், அவருடைய எண்ணிக்கையால் யாருக்கு என்ன பயன்?

கோல்ட்மன் அத்தோடு அமையவில்லை. ஜோன் லெனன் 1980ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் திகதி நியூயோர்க் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார் அல்லவா? எட்டாண்டுகளின் பின்னர், 1988இல், கோல்ட்மன் எழுதிய லெனன் சரித்திரம் வெளியாயிற்று. ஏறக்குறைய எழுநூறு பக்கங்கள். ஆறு ஆண்டு உழைப்பு. 1,200 பேட்டிகள் என்று விளம்பரம். இத்தனை பேட்டிகள் என்றவுடனே வாசகர் வாயடைத்துப் போவார் என்று பிரசுரகர்த்தர்கள் எண்ணினார்கள் போலும். போல் மக்கார்ட்னி அந்நூலைக் குப்பை என்று கூறி, ஒருவரும் வாங்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். 'றோலிங் ஸ்டோன்' பத்திரிகையோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதன் நிருபர்கள், கோல்ட்மன் ஆதாரமாகக் காட்டியவர்களையும் லெனனை நெருங்கி அறிந்தவர்களையும் தேடிச் சென்று விசாரித்தார்கள். நூலிலே பிழைகளும் திரிபுகளும் மலிந்திருப்பதாக அதே ஆண்டு ஒக்டோபரில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். பேட்டிகளின் தொகை பெரிதாயிருப்பது ஒன்று. பேட்டி கொடுத்தவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுவது வேறொன்று. கோல்ட்மன் 1994இல் இறந்தபோது, ஜிம் மொறிசனைப் பற்றிய நூலொன்றை எழுதிக்கொண்டிருந்தார்.

அதே 1994ஆம் ஆண்டில்தான் எல்விஸுக்கு ஒரு நேரிய சரித்திரமும் கிடைத்தது. பீற்றர் குரால்னிக் என்பவர் பத்தாண்டுக்கு மேலாக உழைத்து, 1994இல் முதற் பாகத்தையும் 1999இல் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டார். வளர்ச்சி ஒரு பாகம். வீழ்ச்சி மற்றப் பாகம். மாத்திரைகளை அவர் மறைக்கவில்லை; மெய்காவலர் சொன்னதையும் தள்ளிவிடவில்லை. ஆனால் நாளையும் இடத்தையும் சரிபார்த்து, அந்த அந்த நேரத்தில் எல்விஸுக்கு எது தெரிந்திருந்ததோ அதை மாத்திரம் வைத்துக்கொண்டு கதையை நடத்திச் சென்றார்.

நாளைச் சரிபார்ப்பதால் என்ன ஆகுமென்று மாணவர்கள் கேட்கலாம். ஒரு சிறு கதை சொல்வோம். எல்விஸ் பதினெட்டு வயது இளைஞராக, 1953ஆம் ஆண்டின் கோடையிலே, மெம்பிஸ் நகரத்து ஒலிப்பதிவு நிலையம் ஒன்றுக்குச் சென்று, ஏறக்குறைய நான்கு டொலர் கொடுத்துத் தம் குரலை முதன்முதலாக ஓர் இசைத்தட்டிலே பதிந்துகொண்டார். தாயாரின் பிறந்த நாளுக்குப் பரிசாகக் கொடுப்பதற்கே அவ்வாறு செய்தாரென்று ஏராளமான புத்தகங்கள் எழுதிவிட்டன. கேட்கும்போதே நெஞ்சம் உருகுகிறது. ஆனால் தாயார் கிளாடிஸ் அம்மையார் பிறந்தது ஏப்ரில் மாதம் 25ஆம் திகதி! பிறந்த நாள் கழிந்து மாதங்கள் சென்ற பின்னர் பரிசா? அந்த ஏழை இளைஞர் பாடகனாக வேண்டுமென்ற ஆசையால், யாராவது தம் குரலைக் கேட்கமாட்டார்களா என்று ஏங்கி அங்கே சென்றிருக்கலாம் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. நாட்காட்டியைப் புரட்டாதவர்களுக்கு அந்த ஏக்கம் தெரியாமலே போயிற்று.

பொய்களையெல்லாம் நூலாசிரியர்களே கட்டுகிறார்கள் என்று சொல்வதும் நியாயமன்று. பாடகர்களே கட்டிவிட்டுப் போன கதைகள் எத்தனையோ. 'த ஹூ' குழுவின் மேளக்காரரான கீத் மூன், தமது 21ஆம் பிறந்த நாளன்று ஹொட்டல் நீச்சற் குளத்தினுள்ளே ஒரு மோட்டார் வண்டியை ஓட்டி இறக்கியதாகச் சொல்லித் திரிந்தார். 1978இல் அவர் மாண்ட பின்னரும் கதை மாளவில்லை. 1998இல் அவர் சரித்திரத்தை எழுதிய ரொனி பிளெச்சர் நன்கு விசாரித்து, அன்று குளத்தில் வண்டி எதுவும் விழவில்லை என்ற முடிவுக்கு வந்தார். கூடவிருந்த நண்பர் ஒருவர் மாத்திரம் தாம் கண்ணாரக் கண்டதாகவே சொல்லிவந்தார். நினைவும் சில வேளை வாசகனைப் போலத்தான். நல்ல கதையை விட்டுக்கொடுக்க அதற்கும் மனம் வருவதில்லை.

'நிர்வானா' குழுவின் கேர்ட் கோபேன் விஷயம் இதனினும் துயரமானது. தாம் இளமையில் வீடின்றி, அபடீன் என்னும் ஊரிலே ஒரு பாலத்தின் கீழ் வாழ்ந்ததாக அவர் சொல்லியிருந்தார். அப்பாலத்தடியில் அவர் பொழுதுபோக்கியது உண்டென்றும், ஆற்று நீர் ஏறி இறங்கும் அந்தச் சேற்றுக் கரையிலே எவரும் குடியிருக்க முடியாதென்றும் உடன் இசைத்த நண்பர் கிறிஸ்ட் நொவொசெலிச் பின்னர் கூறினார். கோபேன் உயிரோடிருந்த காலத்திலேயே, 1993இல், அவருடைய ஒத்துழைப்போடு அக்குழுவின் வரலாற்றை எழுதியவர் மைக்கல் அசராட். அடுத்த ஆண்டு ஏப்ரில் மாதத்திலே கோபேன் தம் 27ஆம் வயதில், தம் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2023இல், அசராட் ஓர் அரிய காரியம் செய்தார். தமது பழைய நூலையே எடுத்து, பகுதிக்குப் பகுதி விரிவான குறிப்புக்கள் எழுதி மறுபதிப்புச் செய்தார். கோபேன் தம்மிடம் எதை மிகைப்படுத்திச் சொன்னார், எதை மறைத்தார், தாம் எதை நம்பி ஏமாந்தார் என்பதையெல்லாம் அதிலே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். வெற்றியடைந்த ஒரு நூலின் ஆசிரியர் தம் தவறுகளைத் தாமே தேடிப் பிடித்து அச்சிடுவது நாம் அடிக்கடி காணும் காட்சியன்று.

2001இல் கோபேனின் சரித்திரத்தை எழுதிய சார்ள்ஸ் குறொஸ் என்பவரும் உழைப்பாளியே. நானூறு பேருக்கு மேல் பேட்டி கண்டவர். ஆனால் கோபேன் தனித்திருந்த கடைசி மணித்தியாலங்களை, பக்கத்தில் நின்று பார்த்தவர் போல அவர் வருணித்துவிட்டார். ஒருவரும் காணாததைக் கண்டதுபோல் எழுதுவது நாவலாசிரியரின் உரிமை. சரித்திராசிரியர் அங்கே பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. அந்த மரணத்தைக் கொலையென்று சாதித்து நூல் எழுதியவர்களும் உளர். 2014இல் சியாற்றில் நகரத்துப் பொலிசார் பழைய கோவையை மீண்டும் எடுத்துப் பார்த்து, முந்தைய முடிவை மாற்றக் காரணமில்லை என்று அறிவித்தனர். அந்த நூல்கள் பரப்பிய சந்தேகம், தாயோடும் குழந்தையோடும் விடப்பட்ட ஒரு குடும்பத்தின்மீது அத்தனை ஆண்டுகள் கவிந்திருந்தது.

இறந்தவரை ஒருமுறை கொல்வது போதாதென்று, இறந்த இன்னொருவரைக் கொலைகாரராக்குவதும் உண்டு. கிற்றார் வாத்திய மேதை ஜிமி ஹென்றிக்ஸ் 1970ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் திகதி லண்டனில் இறந்தார். மரண விசாரணை அதிகாரி திட்டமான முடிவு எதுவும் கூறாமல் விசாரணையைத் திறந்தபடியே விட்டுவிட்டார். 2009இல், முன்னாள் உதவியாளர் ஒருவர், ஹென்றிக்ஸின் முகாமையாளரே தாம் கொன்றதாகத் தம்மிடம் ஒப்புக்கொண்டாரென்று ஒரு நூலில் எழுதினார். முகாமையாளரோ 1973இலேயே பிரான்சு நாட்டின் வானில் நிகழ்ந்த விமான விபத்திலே மாண்டவர். பின்னர் அந்த முகாமையாளரோடு வேலை செய்த ஒருவர், அது புத்தக விற்பனைக்காகக் கட்டிய கதையென்று சொன்னார். மறுப்புச் செய்தி எத்தனை பேர் கண்ணிற் பட்டதோ!

ஜிம் மொறிசன் 1971 யூலை 3ஆம் திகதி பாரிஸ் நகரிற் குளியல் தொட்டியிலே இறந்து கிடந்தார். பிரேத பரிசோதனை நடக்கவில்லை, சவப்பெட்டியும் மூடப்பட்டுவிட்டது. அந்த ஒரு குறையே போதுமாயிற்று. 1980இல் வெளிவந்து பேரளவில் விற்பனையான அவருடைய சரித்திரம், அவர் ஒருவேளை சாகாமல் எங்கேனும் ஒளிந்திருக்கலாமோ என்ற கேள்வியை வாசகர் முன் போட்டுவிட்டே முடிந்தது.

மொறிசன், ஹென்றிக்ஸ், கோபேன் மூவரும் 27 வயதில் மாண்டவர்கள். ஜானிஸ் ஜொப்லின், ஏமி வைன்ஹவுஸ் ஆகியோரும் அவ்வாறே. இதனால் அவ்வயதுக்கே ஒரு சாபம் உண்டென்று எழுதாத ஏடில்லை. 2011இல் 'பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை'யிலே சில ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 1956 முதல் 2007 வரை பிரித்தானியாவில் முதலிடம் பெற்ற இசைத்தொகுதிகளை வெளியிட்ட 1,046 கலைஞர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுள் இறந்தவர் 71 பேர். 27ஆம் வயதில் மரணம் கூடியிருக்கவில்லை. ஆனால் இருபதுகளிலும் முப்பதுகளிலும் அவர்கள் மாளும் வீதம், ஏனையோரைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாயிருந்தது. சாபம் பொய்; ஆபத்து மெய். ஆயினும் ஏடுகள் எழுதுவது சாபத்தைத்தான்.

சினிமாவைப் பற்றி விரித்தால் இப்பக்கம் போதாது. சன்சிபாரிற் பிறந்து இந்தியாவிலே பள்ளிப்படிப்புப் படித்த பார்சி இளைஞரான பிறெடி மேர்க்குரியைப் பற்றி 2018இல் வந்த படம், அவர் தம் நோயை 1985ஆம் ஆண்டு மாபெரும் கச்சேரிக்கு முன்னரே அறிந்து நண்பர்களிடம் கூறியதாகக் காட்டிற்று. அவருக்கு அது தெரியவந்தது அதற்குப் பின்னர் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. பட்டி ஹொலியைப் பற்றி 1978இல் வந்த படத்திலோ உடன் வாசித்த நண்பர்களின் பெயர்களே மாற்றப்பட்டன. அப்படத்தால் மனம் நொந்த போல் மக்கார்ட்னி, உண்மைக் கதையைக் கூற 1985இல் வேறொரு படம் எடுப்பித்தார்.

பட்டி ஹொலியின் பெயரை எடுத்தபின் ஒரு மகனின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1959 பெப்ரவரி 3ஆம் திகதி அதிகாலை, ஐயோவா மாநிலத்திலே, பனி பெய்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு சிறு விமானம் வயலில் விழுந்து நொறுங்கிற்று. பட்டி ஹொலிக்கு வயது 22, றிச்சி வலென்ஸுக்கு 17, ஜே.பி. றிச்சட்சனுக்கு 28, விமானிக்கு 21. நால்வரும் மாண்டனர். கருவிகளை மாத்திரம் நம்பிப் பறக்கும் தகுதி விமானிக்கு இருக்கவில்லை என்று உத்தியோக விசாரணை கூறிற்று. ஆனால் சில வாரங்களின் பின் ஹொலியின் கைத்துப்பாக்கி அவ்வயலிலே அகப்பட்டது. அவ்வளவுதான், விமானத்துள் சூடு நடந்ததென்றும், விமானியே சுடப்பட்டார் என்றும் கதைகள் கிளம்பின. றிச்சட்சனின் உடல் மற்றவர்களினின்றும் விலகி வேலிக்கு அப்பால் கிடந்தது. ஆகவே அவர் உடனே சாகவில்லை, உதவி தேடித் தவழ்ந்து சென்றார் என்றும் சொன்னார்கள்.

றிச்சட்சனின் மகன் ஜே, தந்தை இறந்து ஏறக்குறைய மூன்று மாதங்களின் பின்னரே பிறந்தவர். தந்தை பனியிலே தவழ்ந்து இறந்தாரா என்ற கேள்வியோடு நாற்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார். 2007இல், தந்தையின் கல்லறையை அதே மயானத்தில் வேறோர் இடத்துக்கு மாற்ற வேண்டிய சந்தர்ப்பம் வந்தபோது, டெனசி பல்கலைக்கழகத்து நிபுணரான பில் பாஸ் என்பவரை அழைத்தார். சவப்பெட்டி திறக்கப்பட்டது. எக்ஸ் கதிர்ப் படங்களிலே துப்பாக்கிக் குண்டு எதுவும் காணப்படவில்லை. தலை முதற் கால் வரை எலும்புகள் முறிந்திருந்தன. ஓரடி கூட நகர்ந்திருக்க முடியாது, விழுந்த கணத்திலேயே உயிர் பிரிந்துவிட்டது என்று பாஸ் கூறினார்.

ஐம்பதாண்டு நெருங்கியும் உடல் அடையாளம் காணத்தக்க நிலையிலே இருந்தது. புகைப்படத்தில் மாத்திரம் கண்டிருந்த முகத்தை ஜே அன்று நேரிலே பார்த்தார். பின்னர் புதிய பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள். ஜே 2013இற் காலமானார்.